தரையில் வைத்த தட்டு

கை கழுவுவது எப்படி, பிளீச்சிங் பவுடரை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்பதையெல்லாம் பயிற்சியில், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சோப்பையும் பவுடரையும் நம்பி ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும்போது, உள்ளே என்ன காத்திருக்கும் என்பதை எந்தப் பயிற்சியிலும் சொல்ல முடியாது. சுகாதார நர்ஸாகக் கடலூரிலும் சிதம்பரத்திலும் நான் ஏறி இறங்காத தெரு குறைவு. பல வீடுகள் மறந்துவிட்டன. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வீடு மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. உங்களில் யாராவது ஒருவர் அப்படி ஒரு வாசலில் நிற்க நேரும். அதற்காகச் சொல்கிறேன்.

கொரோனா இரண்டாம் முறை ஊரைப் புரட்டிப் போட்ட சமயம். அந்த வீட்டில் நாலு பேர். பெரியவர் தனக்கோடி, பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி அஞ்சலையம்மாவுக்கு ரொம்ப நாளாக இளைப்பு. மாதாமாதம் மாத்திரை வாங்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். மூச்சு வாங்கிக்கொண்டே ஏதாவது சொல்வார், வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். மகன் சேகர் சிதம்பரத்தில் மொத்த மருந்துக் கடையில் வேலை. மருமகள் எஸ்தர் பள்ளிக்கூட டீச்சர். அப்போது மாசமாக இருந்தாள். அதனால் அவளையும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பெரியவருக்குக் காய்ச்சல் வந்தது. சோதனை எடுத்ததில் இருக்கிறது என்று வந்துவிட்டது. மற்ற மூவருக்கும் இல்லை. பெரியவருக்கு மூச்சு நன்றாக இருந்ததால் வீட்டிலேயே தனியாக இருக்கலாம் என்றார் டாக்டர். பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று போனில் என்னிடம் கேட்டு, எல்லாவற்றையும் எஸ்தர் அப்படியே செய்தாள். தாழ்ப்பாள், சுவிட்சு, குழாய்த் திருகு என்று கை படுகிற இடத்தையெல்லாம் துடைத்தாள். மாமனாருக்கென்று தனியாக ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பக்கெட். அவளைவிட ஒழுங்காகச் செய்த வீட்டை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் மதியம் அவளிடமிருந்து போன்.

"சிஸ்டர், மாமா சாப்பிட மாட்டேங்கறாரு. நேத்துல இருந்து ரூம விட்டு வந்து கூடத்துல உக்காந்துகினு இருக்காரு. சொன்னா காதுலயே வாங்கல. அத்தையும் அவருகூடயே உக்காந்து இருக்காங்க. எனக்கு பயமா இருக்கு சிஸ்டர்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசல் கேட்டிலேயே பினாயில் வாசனை அடித்தது. கூடத்துக் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் பெரியவர், முகத்தில் மாஸ்க் இல்லை. அவர் காலடியில் தரையில் அஞ்சலையம்மா. எஸ்தர் சமையலறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். சேகர் அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் படியோடு நின்று கேட்டேன்.

"ஐயா, அம்மாவுக்கு இளைப்பு இருக்கு. எஸ்தர் மாசமா இருக்கு. உங்களுக்குத் தெரியாததா? உள்ள போய் இருக்கலாமே."

"தெரியும்."

"அப்புறம் ஏங்க ஐயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. பிறகு மருமகளைக் காட்டாமல், அறை வாசலை மட்டும் கையால் காட்டினார்.

"அங்க வெச்சா நர்சம்மா, சோறு. வாசப்படிக்கு இந்தாண்ட, தரையில. வெச்சிட்டு அப்படியே பின்னால போய் நின்னுகினா. தண்ணி கேட்டேன். டம்ளர கீழ வைங்க மாமான்னு சொல்லிட்டு, எட்ட நின்னு சொம்ப மேல தூக்கி ஊத்துனா."

நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"அந்த மாதிரி ஊத்துன தண்ணிய நான் சின்ன வயசுல குடிச்சிருக்கேன். அப்ப எனக்குக் காய்ச்சல் இல்ல."

எஸ்தர் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவளும் பெரியவரின் சனத்தில் பிறந்தவள்தான். ஆனால் அவள் அப்பா அம்மா இருவரும் டீச்சர்கள். கிறிஸ்தவக் குடும்பம். படிப்பு, வேலை, சர்ச் என்று வளர்த்த பெண்ணுக்கு அவர்கள் இதையெல்லாம் சொன்னதே இல்லை. எதுக்குச் சொல்லி மனசை நோகடிக்கணும் என்று விட்டிருப்பார்கள்.

"மாமா, எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா தெரியாது" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊரு நர்சம்மா?"

"அண்ணாகிராமம் பக்கம்."

"முந்திரிக்காடு வெச்சிருந்தவுங்களா?"

"ஆமாங்க."

"அந்தப் பக்கம் கொட்டை பொறுக்க வருவோம். எங்கம்மாகூட."

அதோடு விட்டுவிட்டார். எந்த வீடு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஒரு கொட்டாங்குச்சி செருகியிருக்கும். அது யாருக்காக இருந்தது என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அப்போது நான் ஒரு போன் செய்திருந்தால் போதும். வண்டி வந்து அவரைக் கொண்டுபோய் கொரோனா முகாமில் விட்டிருக்கும். நிறைய வீடுகளில் அந்த மிரட்டலே வேலை செய்தது. இன்னொரு பக்கம், பாவம் பெரியவர் என்று அவரை அப்படியே கூடத்தில் விட்டுவிடவும் முடியாது. அவர் விட்ட மூச்சுதான் அங்கே எல்லாரும் இழுத்த மூச்சு. கதவு திறந்திருந்தாலும் ஜன்னல்கள் மூடியிருந்தன. அஞ்சலையம்மா இரண்டு முறை இருமினார். அது எப்போதும் வருகிற இருமலா, புதிதா என்று எனக்குத் தெரியவில்லை.

படியில் நின்றபடியே மனதுக்குள் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். நாம் சொன்னதில் நோய்க்கு வேண்டியது எது, நம் பயம் சேர்த்துக்கொண்டது எது? ஜன்னலைத் திறந்து வைப்பது நோய்க்கு வேண்டியது. மாஸ்க், எட்டி இருப்பது, சோப்பு, இதெல்லாம் வேண்டியது. தட்டைத் தரையில் வைப்பது வேண்டியதில்லை. தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவதால் எந்தக் கிருமியும் சாகப் போவதில்லை. தனித் தட்டே வேண்டாம். சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டால் எந்தத் தட்டும் எல்லாருக்கும் ஆகிற தட்டுதான்.

"ஐயா, தரையில வைக்க வேணாம்" என்றேன். "கையில கொடுக்கட்டும். நீங்க மாஸ்க் போட்டுக்குங்க, கொடுக்கறவங்களும் போட்டுக்கட்டும். கொடுத்துட்டு சோப்பு போட்டு நல்லா கை கழுவிகினா போதும், கிருமி கரைஞ்சி பூடும். உங்களுக்குன்னு தனித் தட்டு வேணாம். வீட்டுல இருக்கற தட்டுலயே சாப்புடுங்க. ஆனா நாலு பேரும் நாலு எடத்துல உக்காந்து சாப்புடணும். உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான். ஜன்னலத் தெறந்து வெச்சிக்குங்க. நீங்க அந்த ரூம்ல இருக்கறது உங்கள ஒதுக்குறதுக்கு இல்லீங்க ஐயா. உங்க மூச்சு இவுங்க மேல படாம இருக்கறதுக்கு."

அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார். எஸ்தர் மாஸ்க்கைச் சரி செய்துகொண்டு உள்ளே போனாள். எங்கள் எல்லாருக்கும் முன்னால் ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நானே கொடுக்கறேன் மாமா. வாங்கிக்குங்க."

பெரியவர் மேல்துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் இழுத்துக் கட்டிக்கொண்டார். அவள் வயிற்றைப் பார்த்தார்.

"நீ கிட்ட வராத பாப்பா. வவுத்துப் புள்ளையோட இருக்கற. டேய் சேகரு, நீ வாங்கியாந்து குடு."

அவன் அதுவரை சமையலறைப் பக்கம் போனவன் இல்லை. ஓடிப்போய் எஸ்தரிடமிருந்து தட்டை வாங்கி அப்பா கையில் கொடுத்தான். பெரியவர் தட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். மனைவியைப் பார்த்து, "நீயும் எழுந்து எட்டப் போடி" என்றார்.

அஞ்சலையம்மா சிரித்தார். "கல்யாணம் ஆன நாளா நான் போறேன் போறேன்னு சொன்னேன், விடல. இப்பதான் போவச் சொல்றாரு பாருங்க சிஸ்டரு."

அன்று திரும்பும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு மனுஷனிடம் காரணத்தைச் சொன்னால், அவரே மற்றவர்களைக் காப்பாற்ற எழுந்துவிடுவார். அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டுக்கு நான் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் திறக்காவிட்டால் பெரியவரே உள்ளேயிருந்து சத்தம் போட்டார். சேகர் பாத்திரம் கழுவினான். எஸ்தர் போனில் இதைச் சொல்லிச் சிரித்தாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

அஞ்சலையம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் உடம்பு வலி என்றார். பிறகு பேச முடியாமல் மூச்சு வாங்கியது. நான் விரலில் மாட்டிப் பார்த்த கருவியில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனது. கடலூரில் படுக்கை கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்று கிடைத்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் முகம் தெரிந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

பெரியவர் அறை ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "நர்சம்மா, வாசப்படி வரைக்கும் வரட்டுமா?"

ஆம்புலன்ஸ் தம்பி வேண்டாம் என்று தலையசைத்தான். அவனுக்கு அடுத்த வீடு காத்திருந்தது. நான் வரச் சொன்னேன். மாஸ்க்கோடு வந்து படியில் நின்றார். அஞ்சலையம்மா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். பேச வரவில்லை. கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிடு என்று காட்டினார். பெரியவர் தலையாட்டினார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் வர விடுவீர்களா, மாட்டீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. வெட்டவெளி, மாஸ்க், நல்ல இடைவெளி. நான் அதைத்தான் கணக்கில் எடுத்தேன். பெரியவர் அஞ்சலையம்மாவை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

சேகர் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியிலேயே கிடந்தான். உள்ளே போக விடவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு காலையில் எனக்குத்தான் முதலில் போன் செய்தான். "சிஸ்டர், அம்மா போயிட்டாங்க. வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான். உடம்பைச் சுற்றிக் கட்டித்தான் கொடுப்பார்கள், வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, அங்கேயே முடித்துவிட வேண்டும். அவன் ஒருத்தன் மட்டும் கூட நின்றான். குளிப்பாட்டுவது, புடவை சாத்துவது, வாய்க்கரிசி எதுவும் இல்லை.

நான் போய்ச் சொன்னேன். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார். அழவில்லை. "சரி" என்றார். எஸ்தரும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு மனசு கேட்காமல் திரும்பி வந்தேன்.

கேட்டைத் திறக்கும்போதே மூக்கில் ஏறியது. கண் எரிகிற நெடி. பினாயில் இல்லை, தனி பிளீச்சிங்கும் இல்லை. உள்ளே ஓடினேன். பாத்ரூம் கதவு பாதி சாத்தியிருந்தது. எஸ்தர் உள்ளே குந்தி உட்கார்ந்து, பிளீச்சிங் பவுடரைக் கொட்டி அதன் மேலேயே கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் சேர்ந்தால் விஷக்காற்று என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன். பெரியவரைப் பின்கதவு வழியாகத் தோட்டத்துக்குப் போகச் சொல்லிக் கத்தினேன். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்தேன். அவளைத் தெருப்படியில் உட்காரவைத்து, முகத்திலும் கண்ணிலும் தண்ணீர் அடித்தேன். இருமினாள், வாந்தி எடுத்தாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் அழுகை வந்தது.

"சுத்தமாத்தானே பண்ணேன் சிஸ்டர். எல்லாத்தையும் சுத்தமாத்தானே பண்ணேன். எந்த எடத்த விட்டேன்? சொல்லுங்க, எந்த எடத்த விட்டேன்?"

"எதையும் விடல எஸ்தர்."

"அப்புறம் எப்படி அத்தைக்கு வந்துச்சு?"

அவள் உள்ளங்கை வெடித்துப் போயிருந்தது. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நுரையீரலுக்கும் குழந்தைக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிகிற வரைக்கும் எனக்கு உயிர் இல்லை. பிறகு பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அன்றைக்கு நான் திரும்பி வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வீடு சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். சுத்தம் செய்கிற கையையும் பாருங்கள். பயத்திலும் துக்கத்திலும் தேய்க்கிற கை அளவு பார்க்காது. அந்த நேரத்தில் அவர்களுக்கு இன்னொரு அறிவுரை வேண்டியதில்லை. பக்கத்தில் ஆள் வேண்டும். சோப்பு தன் வேலையைச் செய்யும். ஆனால் எல்லாரையும் காப்பாற்றும் என்று நாம் வாக்கு கொடுக்க முடியாது. எஸ்தருக்கு வரவில்லை, சேகருக்கு வரவில்லை. அது அவர்கள் கழுவிய கைக்கும் திறந்து வைத்த ஜன்னலுக்கும் கிடைத்த பலன் என்றுதான் நம்புகிறேன். அஞ்சலையம்மாவுக்கு வந்தது.

கடைசியாக ஒன்று. பெரியவர் தேறி, தனிமை முடிந்த பிறகு ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனேன். கூடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், சேகர் வேலைக்குப் போயிருந்தான். என்னை உட்காரச் சொன்னார். எட்டித்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கறேன். நெசத்தச் சொல்லணும்."

"சொல்றேங்க ஐயா."

"அன்னிக்கு நான் சோறு வேணாம்னு தட்டத் தள்ளிட்டேன் இல்ல? யாரு சொல்லியும் சாப்புடல. அஞ்சலைதான் வந்தா. அந்தத் தட்ட தரையில இருந்து எடுத்து மடியில வெச்சிகினு, சோறு பெசஞ்சி எனக்கு ஒரு வாய் ஊட்டுனா. அவளும் ஒரு வாய் சாப்ட்டா. அதே தட்டுல. வேணாம்டின்னேன். இத்தன வருசம் சாப்ட்ட தட்டுதானேன்னு சொன்னா." என்னை நேராகப் பார்த்தார். "அதனாலதான் அவளுக்கு வந்துச்சா?"

இதை அவர்கள் யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. இல்லைங்க ஐயா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமான வார்த்தை அது. ஆமாம் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுமே எனக்குத் தெரியாது. பெரியவருக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே அது அஞ்சலையம்மாவிடம் ஒட்டியிருந்திருக்கலாம். சோதனை எடுத்தபோது உடம்பில் இருந்தும் காட்டாமல் போயிருக்கலாம். மாத்திரை வாங்க வந்த வரிசையில் பிடித்திருக்கலாம். அந்த ஒரு வாய் சோற்றிலும் வந்திருக்கலாம்.

"தெரியாதுங்க ஐயா" என்றேன். "அப்பவும் வந்திருக்கலாம். அதுக்கு முன்னாலயே வந்திருக்கலாம். எனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே தெரியாது."

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கு அடித்துக்கொண்டது.

"எல்லாரும் இல்ல இல்லன்னே சொல்றாங்க நர்சம்மா" என்றார். "என் புள்ள சொல்றான், மருமவ சொல்லுது, போன் பண்றவன்லாம் சொல்றான். அதுக்கு மேல நான் எதுவும் பேச முடியல. நீங்கதான் தெரியாதுன்னு சொன்னீங்க."

அப்புறம்தான் அழுதார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோதும், செத்துப்போன செய்தி வந்தபோதும் அழாத மனுஷன், உடம்பு குலுங்க அழுதார். அவளுக்குத் தெரியும், தெரிஞ்சேதான் சாப்ட்டா, தெரிஞ்சேதான் சாப்ட்டா என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று எனக்கு இன்னும் பார்க்க வேண்டிய வீடுகள் இருந்தன. போகவில்லை. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய் இரண்டு பேரும் சோப்பு போட்டுக் கை கழுவினோம்.